திடலில் விழுந்த டாக்டர்

அண்ணே,

மருந்துப் பையைத் திறந்தாலே எலுமிச்சை வாசனை. ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாயில்கூட ஏறிவிட்டது. நான் ரகசியமாக ஊறுகாய் போடுகிறேனோ என்று நோயாளிகள் சந்தேகப்படுகிறார்கள். எல்லாம் உங்களால் வந்தது.

காஜா பேராங் தெருவில் என் கிளினிக்குக்கு எதிரே, மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டி விற்கும் ஒட்டுக்கடை போட்டிருந்தீர்கள். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு எலுமிச்சை. உங்கள் இதயமோ பழைய லாரி மாதிரி, மேடு வந்தால் திணறும். நெஞ்சில் குழாயை வைத்தால், "என்ன பாட்டு ஓடுது?" என்பீர்கள். அது நல்ல பாட்டாக இல்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

சுதந்திரம் வரப்போகும் நாளைக் கடலோரத் திடலில் அறிவிக்கிறார்கள் என்றதும் கிளம்பிவிட்டீர்கள். வெயிலும் கூட்டமும் உங்களுக்கு ஆகாது, ரேடியோவில் கேளுங்கள் என்றேன்.

"நாடு பொறக்கற சேதிய படுத்துக்கிட்டா கேப்பாங்க? போங்க டாக்டரு!"

வேறு வழியில்லாமல் கோட்டு, டை, மருந்துப் பை சகிதம் நானும் வந்தேன். எல்லாரும் மேடையைப் பார்க்க, நான் உங்கள் உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுதந்திர நாள் எது என்று அறிவித்தார்கள். "மெர்டேக்கா! சுதந்திரம்!" என்று கூட்டம் முழங்கியது. மயங்கி விழுந்தது நான்.

கண் விழித்தபோது என் தலை உங்கள் மடியில் இருந்தது. வாயில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்தீர்கள்.

"யாராச்சும் டாக்டர கூப்பிடுங்க!" என்று ஒருவர் கத்தினார்.

"இவருதான்லா டாக்டரு!" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "காலையில சாப்பிடலயா? ஊரு நெஞ்செல்லாம் பாக்கத் தெரியுது, சொந்த வயிறு இருக்கறது தெரியல!"

உண்மைதான். உடம்பு என்பது நோயாளிகளிடம் மட்டும் இருக்கும் பொருள் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த நாள் எது என்று தெரிந்துகொண்டீர்கள், அதுவரை இருக்கவில்லை. ஒரு மழை நாளில், மீ பிரட்டும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தவர் எழவேயில்லை. குழாயை வைத்துப் பார்த்தேன். பாட்டு நின்றிருந்தது. எத்தனையோ நெஞ்சுகளில் அந்த அமைதியைக் கேட்டவன், உங்கள் கட்டிலோரம்தான் உட்கார்ந்து அழுதேன். என் பேச்சைக் கேட்டு அன்று நீங்கள் வீட்டிலேயே படுத்திருந்தால்? அந்தச் சேதியைக்கூட நேரில் கேட்காமல் போயிருப்பீர்கள். நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் நோயாளி "போகலாமா டாக்டரு?" என்றால், எங்கே, எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று அந்த நாள், அண்ணே. கொடியேற்றத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். டை கட்டவில்லை. பையில் எலுமிச்சை இருக்கிறது. வயிறு நிறைய இட்லி சாப்பிட்டாயிற்று. இன்று விழுந்தால் தாங்க நீங்கள் இல்லையே.