காற்றுதானே போகிறது என்றீர்கள்

இன்று காலை தொழிற்சாலையில், மூன்றாவது லைனின் காற்றுக் குழாய் மூட்டுகளின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். காற்று கசிகிற இடத்தில் நுரை பொங்கியது. அந்த மட்டமான சோப்பு வாசனையில் உங்கள் ஞாபகம் வந்தது சார். நல்ல ஞாபகம் இல்லை.

அப்போது பராமரிப்புப் பிரிவுக்கு நீங்கள் பொறுப்பாளர். நான் காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகும் டெக்னீஷியன். கசிகிற மூட்டுகளில் எல்லாம் சிவப்பு அட்டை கட்டச் சொன்னார்கள், பதினேழு கட்டினேன். அவற்றைச் சரிசெய்ய லைனை நிறுத்த வேண்டும். நீங்கள் நிறுத்தவில்லை. ஆடிட் அன்று காலையில், வருகிறவர்கள் கண்ணில் படாதபடி, அட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள்.

"இன்னாமா, காத்துதானே போவுது? ரத்தமா போவுது?"

கடைசி இயந்திரத்துக்கு அழுத்தம் போதவில்லை. மூட்டை மாற்றாமல் கம்ப்ரசரின் அழுத்தத்தை ஏற்றினீர்கள். ஏற்ற ஏற்றக் கசிவும் கூடும் என்று மூன்று முறை சொன்னேன். அந்த வாரமே ஒரு மூட்டிலிருந்து ஹோஸ் பிடுங்கிக்கொண்டு, லைனில் வேலை பார்த்த மல்லிகாவின் முகத்தில் அடித்தது. தினமும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். இடது கண் போயிற்று.

விசாரணையில் நான்தான் மூட்டுகளைச் சோதிக்கவில்லை என்று என்மேல் எழுதிக்கொடுத்தீர்கள். என்னை வெளியே அனுப்பினார்கள். கட்டுப் பிரித்த மறுநாள் மல்லிகா மேனேஜர் அறைக்கு வந்து, உங்களை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அவ கட்டின அட்டைய இவருதான் அறுத்தாரு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

என்னைத் திரும்பச் சேர்த்தார்கள். உங்களை வேறு பிளான்டுக்கு மாற்றியதோடு சரி.

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டீர்கள். இங்கே கேன்டீனில் உங்கள் படத்துக்கு மாலை போட்டு, தங்கமான மனிதர் என்று பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்து வெளியே வந்துவிட்டேன். செத்தவர்மேல் என்ன கோபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். சாகும்வரை மல்லிகாவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாதவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. குறையவும் இல்லை.

கண் போன பிறகு மல்லிகா பிள்ளையார்பாளையத்தில் வீட்டுத் தறியில் உட்கார்ந்து பார்த்தாள். அறுந்த இழையை முடிச்சுப் போடப் போனால், ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் விரல் தள்ளிப் போகிறது. இப்போது தறிக்குக் கிட்டேயே போவதில்லை. இடப்பக்கம் வண்டி வந்தால் அவளுக்குத் தெரியாது. கடைத்தெருவில் நான் எப்போதும் அவளுக்கு இடப்பக்கமாகவே நடக்கிறேன். சில நாள், தனியாகப் போகும்போதும், வலப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நடக்கிறேன்.