பூஜை போட்ட தீவன வண்டி

12 பிப்ரவரி 2024, திங்கள்

சேலம் ஐந்து ரோட்டில், பேட்டன்ட் ஏஜென்ட் அலுவலகத்தில் பதினோராம் நாள். இதுவரை வரைந்தவை இரண்டு: கரும்புக் கரணை நடும் ஒரு கருவி, நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் ஒரு பூட்டு. கண்டுபிடித்தவர்களின் பேட்டன்ட் விண்ணப்பத்தோடு என் படங்கள் போகும். என் பெயர் போகாது. அது எனக்கு வசதி.

காலையில் அம்மா கேட்டாள். "பக்கத்து ஊட்டுல கேக்கறாங்க சாமி, உனக்கு என்ன வேலைன்னு. நா என்னன்னு சொல்றது?"

படம் வரைகிற வேலை என்றேன். "அதுக்கா இஞ்சினீரு படிச்ச?"

தெரியவில்லை. மெக்கானிக்கல் முடித்து ஓசூரில் ஒரு வருடம் போல்ட் அளந்தேன். பிறகு நாமக்கல்லில் வங்கித் தேர்வுக்குப் படித்தேன், இரண்டு முறை தேறவில்லை. பிறகு திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் உதிரிபாகக் கடையில் கம்ப்யூட்டரில் வரைபடம். இப்போது இது. வீட்டில் முதல் பட்டதாரி நான்தான், அதனால் இது சரியான வழியா என்று கேட்க ஆள் இல்லை.

15 பிப்ரவரி

இன்று மொத்தம் ஒன்பது வார்த்தை பேசியிருப்பேன், கண்டக்டரிடம் பேசியதையும் சேர்த்து.

19 பிப்ரவரி, திங்கள்

சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து வேலுமணி என்பவர் வந்தார். சின்னக் கோழிப்பண்ணை, அவரும் மனைவியும்தான் வேலை செய்கிறார்கள். கூண்டு வரிசையில் தள்ளிக்கொண்டு போனால் தொட்டியில் சீராகத் தீவனம் விழும் ஒரு வண்டி செய்திருக்கிறார். இப்போது ஒரு பட்டறைக்காரன் அதேபோல் செய்யப் பார்க்கிறானாம். "அவன் செஞ்சு வித்துப்போட்டான்னா நா மூணு வருசம் மண்டைய ஒடச்சதுக்கு என்னங்க அர்த்தம்?"

அலுவலகத்தை நடத்தும் தனப்பிரியா மேடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். வெளியே யாருக்காவது விற்றீர்களா, காட்டினீர்களா? "இல்லீங்க மேடம்." வெள்ளிக்கிழமை தாக்கல் என்று முடிவானது.

படம் வரைய அவருடைய போனிலிருந்த புகைப்படங்களை எனக்கு அனுப்பினார்கள். எல்லாம் பண்ணைக் கொட்டகையில் எடுத்தவை. வண்டியின் கைப்பிடியில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறது. காய்ந்து கறுத்துச் சுருங்கிவிட்டது. தகரத்தில் மங்கிய சந்தனப் பொட்டு. அடிப்பாகத்தில் மட்டும் ஒரு சாக்கு சுற்றியிருக்கிறது.

20 பிப்ரவரி

பூஜை போட்டிருக்கிறார்கள். அந்தப் பழம் காய நாலைந்து மாதமாவது ஆகியிருக்கும். அப்படியானால் ஆயுத பூஜை. எங்கள் பக்கம் புது வண்டிக்கு யாரையும் கூப்பிடாமலா பூஜை போடுவார்கள்? பொரி வாங்கித் தின்ன வந்தவர்கள் எல்லாம் தள்ளிப் பார்த்திருப்பார்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது புதுசு ஆகாது, பேட்டன்ட் கிடைக்காது. முதல் நாளே மேடம் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

ஆனால் அவர் இல்லை என்றாரே. நான் யார் சொல்வதற்கு? படம் வரைய வந்தவள்.

21 பிப்ரவரி

சொல்லப் போனேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார். டீ சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். ச்சே.

22 பிப்ரவரி, வியாழன்

சொல்லிவிட்டேன். மேடம் உடனே வேலுமணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"காட்டலீங்களே மேடம். பூசைதான் போட்டனுங்க."

"எத்தனை பேர் வந்தாங்க?"

"பங்காளிக, அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரங்க... ஒரு எம்பது பேரு இருக்குமுங்க. என்ற மச்சான் வீடியோ எடுத்து யூட்யூப்ல போட்டானுங்க. சாமி கும்பிட்டதுங்க அது. அதெப்படிங்க காட்டுனதாவும்?"

மேடம் பொறுமையாகச் சொன்னார். அந்த வண்டிக்கு இனிப் பேட்டன்ட் நிற்காது. வாங்கினாலும் நாளைக்குப் பட்டறைக்காரன் அந்த வீடியோவைக் காட்டியே ரத்து செய்ய வைப்பான்.  பிறகு, "யாருங்க கண்டுபுடிச்சது, அந்த அம்மணியா?" என்றார் வேலுமணி. வைத்துவிட்டார்.

மேடம் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எப்பப் பார்த்தே?"

"திங்கட்கிழமை, மேடம்."

"அப்பத் திங்கட்கிழமையே சொல்லியிருக்கணும்."

நான் செய்தது நல்லதா? ஒருவருடைய மூன்று வருடத்தை ஒரு காய்ந்த பழத்தை வைத்து இல்லாமல் ஆக்கிவிட்டேன். பஸ்ஸில் சங்ககிரி வரைக்கும் அழுகை நிக்கவே இல்ல. பேசாம இருந்திருக்கலாம். பேசாம இருக்கறதுதான் எனக்கு நல்லா வருமே.

25 பிப்ரவரி, ஞாயிறு

சத்தீஸ்கரிலிருந்து அப்பா பேசினார். ரிக் வண்டியோடு போய் இரண்டு மாதம் ஆகிறது. இருநூறு அடியில் பாறையாம். "வேலை எப்படிப் போவுது சாமி?" என்றார். நல்லா என்றேன்.

மதியம் அந்த யூட்யூப் வீடியோவைத் தேடி எடுத்தேன். வண்டியைச் சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறார் மச்சான். ஆறு தடவை பார்த்தேன். அதில் அடிப்பாகத்தில் சாக்கு இல்லை. சுற்றியிருந்ததற்கான கயிறும் இல்லை.

அப்படியானால் பிறகு எதை மூடினார்கள்?

27 பிப்ரவரி, செவ்வாய்

நேற்றுக் காலையில், அலுவலகம் திறந்த பத்தாவது நிமிடத்திலேயே சொல்லிவிட்டேன். "போய்ப் பார்த்துட்டு வா" என்றார் மேடம்.

இன்று போனேன். வேலுமணி என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார். முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி முத்தாயம்மாள்தான் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். சாக்கு எதற்கு என்று கேட்டேன்.

"திருஷ்டி சாமி. பூசை போட்ட மறுவாரமே வண்டி மக்கர் பண்ணுச்சு. எம்பது பேரு கண்ணு பட்டா சும்மாவா? அதான் புதுசா வெச்சத ஒருத்தருக்குங் காட்டாம மூடிப்போட்டேன்."

"புதுசா என்னங்க வெச்சீங்க?"

சாக்கை அவிழ்த்தார். சக்கரத்தில் ஒரு போல்ட். அது சுற்றும்போது டயர் ட்யூப் பட்டையில் கட்டிய மரக்கட்டையைத் தூக்கிவிடுகிறது. கட்டை திரும்பி விழுந்து தீவனப் பெட்டியைத் தட்டுகிறது. ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் தீவனம் அதில் உதிர்கிறது. தள்ளிப் பார்த்தேன். டொக், டொக் என்று அடித்துக்கொண்டே வந்தது.

வேலுமணி செய்ததா என்றேன். "அவரெங்க தள்றாரு? தெனமும் தள்றது நானு. கையால தட்டித் தட்டி மணிக்கட்டு போச்சு. அதுக்கோசரம் வெச்சேன்."

வேறு யாராவது பார்த்தார்களா? கோழிகள்தான் என்றார்.

1 மார்ச், வெள்ளி

இருவரும் அலுவலகம் வந்தார்கள். தட்டுகிற அமைப்புக்கு மட்டும் விண்ணப்பம். பழைய பாகம் பட்டறைக்காரன் செய்தால் செய்யட்டும், மழைக்காலத்தில் அவன் வண்டி தானாக நிற்கும் என்றார் மேடம். கண்டுபிடித்தவர் பெயர் என்ற இடத்தில் நான் முத்தாயம்மாள் என்று அடித்ததை வேலுமணி எட்டிப் பார்த்தார். 

"ஊட்டுலதான் இவ ராச்சியம்னா, டெல்லி வரைக்குமா?" என்றார்.

"ஏன், வந்து வண்டியத் தள்ளேன் நீயி" என்றார் அந்த அம்மா.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். போகும்போது வேலுமணி என்னைப் பார்த்து, "பழத்தப் பாத்தே சொல்லிப்போட்டீங்களே அம்மணி" என்றார். கோபமா, பாராட்டா, இன்னும் தெரியவில்லை.

4 மார்ச்

தாக்கல் ஆனது. எண் வந்தது.

17 ஜூன்

பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுதப் பொறியியல் பட்டம் போதுமாம். மேடம் சட்டப் புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த வேலைக்குப் பேச வேண்டுமே. பதினான்கு பக்கம் படித்தேன். பாதி புரியவில்லை.

9 அக்டோபர், புதன்

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன். முத்தாயம்மாள்.

"சாமி, முட்டை எடுக்கறதுக்கு ஒண்ணு செஞ்சிருக்கறேன். நாளான்னிக்கு ஆயுத பூசை. உங்களக் கேக்காம வேண்டாம்னு அவருதான் சொன்னாரு. பூசை போடட்டுமா?"

"புதுசுக்கு வேண்டாங்க. பழைய வண்டிக்கே போடுங்க. புதுசச் சாக்குல மூடி வைங்க, மச்சான் கண்ணுல பட வேண்டாம். சனிக்கிழமை நா வாரேன்."

எவ்வளவு பேசியிருக்கிறேன் என்று வைத்த பிறகுதான் தெரிந்தது. அடுப்படியிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புது வண்டிக்கு எப்பப் பூசை போடறதுன்னு நம்ம புள்ளயக் கேட்டுத்தாம் போடறாங்களாம். அதானுங்க அவ வேலை."

திருத்தலாமா என்று யோசித்தேன். எதைத் திருத்துவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.