மண்ணில் அடிக்க விடாத கம்பி

பால் டின் இன்று காலை உடைந்துவிட்டது.

என் பிக்கப்பின் பின்னால் டிரெய்லரைக் கோப்பதற்கு இருக்கும் இரும்புக் குண்டின் மேல் நீ கவிழ்த்து வைத்தாயே, அந்தக் கெட்டிப்பால் டின். குண்டில் தடவிய கிரீஸ் யார் இடுப்பில் கட்டிய லோஞ்சியிலும் அப்பிக்கொள்ளக் கூடாது என்று வைத்தாய். லத்தா சந்தையில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஓர் ஆள் அதில் காலை இடித்துக்கொண்டு, வலியில் ஓர் உதை விட்டார். துருவேறிய டின் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளேயிருந்து பழைய கிரீஸ் வாடை வந்தது. உன் கை வாடை அது. சந்தை நடுவில் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றேன்.

"இழுக்க ஒண்ணுமில்லாம இதை எதுக்குத் தம்பி மாட்டிக்கிட்டுத் திரியிறே?" என்றார் அவர்.

"இழுக்க இருக்குண்ணே."

இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எப்படியும் நீ படிக்கப் போவதில்லை. ஆனால் பர்மியத்தில் எழுதினால், நாம் இருவரும் அமே என்று கூப்பிடும் உன் அம்மா படித்துவிடுவாள். அவளுக்குத் தெரியக் கூடாததையெல்லாம் நாம் தமிழில்தான் பேசினோம். ஒரு தமிழனோடு அத்தனை வருஷம் குடித்தனம் செய்த பர்மியப் பெண்ணுக்குத் தமிழ் புரியும் என்று நம் இரண்டு மூளைகளுக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "அந்தப் பொண்ணு வேணாம்டா. அவ அக்காதான் நல்ல பொண்ணு" என்று தமிழில் சொன்னாள். உனக்குப் புரையேறியது. நல்லவேளை, அவளுக்குப் பேச்சுதான் தெரியும், எழுத்து தெரியாது.

மிங்கலாடோனில் சாலையோரத்தில் உங்கள் மூங்கில் வீடு இருந்த இடத்தில் இன்று புல் முளைத்திருக்கிறது. வேறொன்றும் கட்டவில்லை. அத்தனை குடும்பங்களை அத்தனை அவசரமாகத் துரத்தியது புல் முளைப்பதற்குத்தான். புல்டோசர் வந்த காலையில் உன் அமே புத்தர் படத்தையும் அரிசிப் பானையையும் மட்டும் தூக்கிக்கொண்டு நடுச்சாலையில் நின்றாள். நீ கூரைத் தகட்டைக் கழற்றப் போய் அடி வாங்கினாய். அன்றைக்கு உன் வாய் வீங்கியிருந்தது. வீங்கிய வாயோடுதான் அதைச் சொன்னாய்.

"மச்சான், அடுத்த வீட்டுக்குச் சக்கரம் இருக்கணும்டா. அவன் வந்தா நாம இழுத்துக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்."

வெளிநாட்டுச் சர்வே கம்பெனி ஒன்று நாட்டைவிட்டுப் போகும்போது கழித்துவிட்ட டிரெய்லரை எங்கேயோ கண்டுபிடித்தாய். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மடக்குக் கட்டில், ஓர் அடுப்பு, கை அகலத்துக்கு ஒரு கழுவுதொட்டி. டிரெய்லர் உன்னுடையது, பிக்கப் என்னுடையது. ஒன்றில்லாமல் மற்றது நகராது. இரண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது. இழுப்பது எப்படி, நிறுத்துவது எப்படி என்று போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். அந்த வீடியோக்களில் நாயும் பிள்ளைகளுமாக ஏரிக்கரையில் நிறுத்தி இறைச்சி சுட்டுச் சாப்பிடுகிறார்கள். நல்ல வீட்டைப் பூட்டிவிட்டுப் பொழுதுபோக்க அதில் போகிறார்கள். நீ கடைசி வரை பார்த்துவிட்டு, "இவனுங்க எர்த் கம்பி எங்க அடிக்கிறானுங்க பாரு, அதை மட்டும் பாரு" என்றாய்.

முதல் முறை இழுத்த நாள் நினைவிருக்கிறதா? இந்த ஊரில் சாலையில் வலப்பக்கமாகப் போக வேண்டும், ஜப்பான் வண்டியிலோ ஸ்டியரிங்கும் வலப்பக்கம். ஓட்டுகிறவனுக்குச் சாக்கடை தெரியும், எதிரே வருவது தெரியாது. பின்னால் ஒரு வீட்டையும் கட்டிக்கொண்டால் முந்திப் போவது தற்கொலை. நீ இடப்பக்கச் சன்னலில் இடுப்பு வரை வெளியே தொங்கிக்கொண்டு எனக்குக் கண்ணாக இருந்தாய். பஸ் கண்டக்டர் மாதிரியே "மௌங், மௌங்!" என்று கத்துவாய், ஓட்டு என்று. ஆபத்தென்றால் கூரையில் ஒரு தட்டு.

அன்றைக்கு அமே தண்ணீர்க் குடங்களையெல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் வைத்திருந்தாள். கொஞ்சம் வேகம் பிடித்ததும் வால் ஆடத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு என் பிக்கப்பையே உலுக்குகிற மாதிரி. நீ கூரையை உடைக்கிற வேகத்தில் தட்டினாய். பிரேக்கை மிதிக்காமல் காலை மட்டும் எடுத்தேன். வண்டி ஒருவழியாக நின்றது. பின்னாலிருந்த லைன் பஸ்காரர் இறங்கி வந்து நம் இருவர் அம்மாவையும் பர்மியத்தில் திட்டினார். உன் அமே அவரிடம் போய், "அம்மா நான்தான், என்கிட்டயே சொல்லு" என்றாள். அந்த ஆள் திரும்பிப் போய்ப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அதன்பிறகு குடமும் அரிசியும் எப்போதும் முன்பக்கம். "மூக்கு கனமா இருக்கணும் மச்சான், வால் கனமா இருந்தா ஆடும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாய். நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பாய். பிறகு சக்கரத்தின் நடுமூடியில் உள்ளங்கையை வைப்பாய். கை வைக்க முடிந்தால் பேரிங் நன்றாக இருக்கிறது, சுட்டால் கிரீஸ் போட வேண்டும்.

அதற்கடுத்ததுதான் கம்பி.

சாலையோரம் நிறுத்தியிருந்தபோது, பக்கத்துக் கடையிலிருந்து ஒரு லைன் இழுத்துக் கரண்ட் எடுத்தோம். மறுநாள் அமே வெறுங்காலோடு வெளியே நின்று கதவைத் தொட்டவள் கையை உதறினாள். எறும்பு கடித்த மாதிரி இருக்கிறது என்றாள். நீ உடனே பிளக்கைப் பிடுங்கினாய். வீடு தரையில் நின்றால் பரவாயில்லை, இது நாலு ரப்பர் டயர் மேல் நிற்கிறது, தகட்டில் கரண்ட் இறங்கினால் போக வழியில்லாமல் அங்கேயே காத்திருக்கும், மண்ணில் நிற்கிற ஆள் தொட்டதும் அவன் வழியாகப் போய்விடும் என்று எனக்குப் படம் போட்டுக் காட்டினாய். ஓர் ஆள் உயரக் கம்பி வாங்கி மண்ணில் அடித்து, டிரெய்லரின் சட்டத்தோடு வயர் வைத்து முறுக்கினாய். மெல்லிய ஃபியூஸ் மாட்டினாய். "கம்பி இருந்தா ஃபியூஸ் போகும். இல்லேன்னா நாம போவோம்" என்று சிரித்தாய். பிறகு எங்கே போனாலும் முதலில் சக்கரக் கட்டை, இரண்டாவது கம்பி. சோறு, தண்ணீர், பாய் எல்லாம் அப்புறம்தான்.

எங்கே போனாலும் என்று எழுதுகிறேன். எத்தனை இடம்! வார்டு ஆபீஸ்காரர்கள் வந்து நீங்கள் யார் வீட்டு விருந்தாளி என்று கேட்பார்கள். விருந்தாளி என்றால் பெயர் எழுத வேண்டும். பெயர் எழுதினால், உன் வயசுப் பையனை ராணுவத்துக்குக் கூப்பிடுவார்கள். எழுதாவிட்டால் கிளம்ப வேண்டும். பசுந்தாங்கில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே, மரப்பட்டறை ஓரம் கொஞ்ச நாள் நின்றீர்கள். என் அம்மா மாடியிலிருந்து கயிற்றில் குழம்பு இறக்குவாள். அங்கேயிருந்தும் கிளப்பினார்கள். சக்கரம் வைத்த வீடு துரத்துகிறவனுக்குத்தான் வசதி என்பது நமக்கு அப்போதுதான் புரிந்தது. புல்டோசர் செலவுகூட இல்லை, ஒரு சொல் போதும்.

கடைசியில் இடம் கொடுத்தவர் நம் ஆள். தமிழர். கோயில் கமிட்டியில் இருக்கிறார், திருவிழாவில் அன்னதானம் போடுகிறார். மிங்கலாடோன் பக்கம் சும்மா கிடந்த நிலம், சுற்றி முள்வேலி, ஒரு மூலையில் அவர் வைத்த காவல் கொட்டகை. நீ "ஊலே" என்று பர்மிய மரியாதையோடு கூப்பிட்டாய். அவருக்குத் தமிழில் பேச வேண்டும்.

"தாராளமா நில்லுங்க தம்பி. நம்ம பசங்க. கொட்டகைலேர்ந்து கரண்டும் எடுத்துக்கோங்க."

நீ கட்டை கொடுத்துவிட்டுக் கம்பியையும் சுத்தியலையும் எடுத்தாய்.

"அது என்ன?"

"எர்த் கம்பி ஊலே. ஷாக் அடிக்காம இருக்க."

"அதெல்லாம் வேணாம். மண்ணுல ஒண்ணும் அடிக்கக் கூடாது."

"ஊலே, இது வந்து..."

"தம்பி, நான் இந்த ஊர்லயே பொறந்தவன். முதல்ல ஒரு முளை அடிப்பீங்க. அப்புறம் அதுல ஒரு கயிறு. கயிறு மேல துணி. அப்புறம் என் நிலத்துல நான் கால் வைக்க உங்ககிட்ட கேக்கணும். நிக்கிறதுன்னா நில்லுங்க. முளை அடிக்கிறதுன்னா இப்பவே கிளம்புங்க."

நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். மழை வரும்போல் இருந்தது. பிக்கப்பில் பெட்ரோல் இல்லை. அமே ஏற்கனவே அடுப்பைப் பற்ற வைத்திருந்தாள். நீ கம்பியைக் கொண்டுவந்து என் சீட்டுக்குப் பின்னால் போட்டாய். "நம்ம தாத்தாங்க இவரு தாத்தாவோட ஒரே கப்பல்லதான் மச்சான் வந்தாங்க. அவரு மட்டும் முளையோட வந்துட்டாரு" என்றாய். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அவர் கொடுமைக்காரரும் இல்லை. அன்று சாயங்காலமே அமேக்கு மருந்து கொடுத்தனுப்பினார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். உயிரோடு இருக்கத் தேவையானதையெல்லாம் கொடுத்துவிட்டு, கை அகல மண்ணை மட்டும் மறுத்தார். அவர் வேலி நடும்போது எத்தனை முளை அடித்திருப்பார்! அதற்குப் பெயர் சொத்து. நீ ஒன்று அடித்தால் ஆக்கிரமிப்பு.

நீ செத்தது நடுப்பகலில். அன்று நான் பெட்ரோல் வரிசையில் நின்றிருந்தேன். காலையெல்லாம் கரண்ட் இல்லை, மழை விட்டுவிட்டுப் பெய்தது. நீ வெளியே, நனைந்த மண்ணில் வெறுங்காலோடு, கூரை ஒழுகலுக்குத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தாயாம். அப்போது கரண்ட் வந்தது. இந்த ஊரில் கரண்ட் வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். தெருத் தெருவாக எல்லோரும் "மீ லா பீ!" என்று கத்துவார்கள். வெளிச்சம் வந்துவிட்டது என்று. குழந்தைகள் கத்தும், கிழவர்கள் கத்துவார்கள். உள்ளே அமேயும் கத்தினாள், ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டு. நீயும் "மீ லா பீ!" என்று பதிலுக்குக் கத்திக்கொண்டு, போனைச் சார்ஜில் போட ஓடிவந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்தாய்.

உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் அந்த வண்டியின் கணக்கு.

அமே படிக்கக் கூடாதது இதுதான். உன்னை எரித்த பிறகு நான் போய் அலமாரியைக் கழற்றிப் பார்த்தேன். ஃபேன் வயர் அலமாரிக்கும் தகட்டுக்கும் நடுவில் போகிறது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அலமாரி ஆடி அதைத் தேய்த்திருக்கிறது. சாலையோரத்திலிருந்து துரத்தியபோது கொஞ்சம், பசுந்தாங்கிலிருந்து துரத்தியபோது கொஞ்சம். தோல் போய்ச் செம்பு தகட்டில் பட்டிருந்தது. ஃபேன் சுவிட்சைப் போட்டால்தான் அந்த வயரில் கரண்ட் வரும். கொட்டகை லைனில்தான் கோளாறு என்று அமேயிடம் சொன்னேன். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு அந்த ஃபேனை அவள் போட்டதே இல்லை.

சாவுக்கு நிலக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை. வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு அவர் செலவு. என் தோளைத் தட்டி, "விதி தம்பி" என்றார்.

நான் பிக்கப்புக்குப் போனேன். சீட்டுக்குப் பின்னாலிருந்து கம்பியை எடுத்தேன், சுத்தியலை எடுத்தேன். வந்த சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, டிரெய்லர் பக்கத்தில் அடிக்கத் தொடங்கினேன்.

"என்ன பண்றே தம்பி?"

"எர்த்."

"நான் அன்னிக்கே சொன்னேனே..."

"நீங்க சொன்னதாலதான் ஊலே, இன்னிக்கு அடிக்கிறேன்."

மழையில் ஊறிய மண், வெண்ணெய் மாதிரி இறங்கியது. அத்தனை சுலபமான வேலை. முழுக் கம்பியும் இறங்க ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏழாம் நாள் துறவிகளுக்குச் சோறு கொடுத்து முடிந்ததும், இடத்தைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார். கம்பியைப் பிடுங்க நானும் இன்னும் இரண்டு பேரும் தொங்க வேண்டியிருந்தது.

பிக்கப்பில் இடப்பக்க சீட்டு காலி. அமே பின்னால் உட்கார மாட்டேன் என்று வந்து அதில் ஏறினாள். புத்தர் படம் மடியில். சாலைக்கு வந்ததும் தலையை வெளியே நீட்டி எதிரே பார்த்தாள். "மௌங்" என்றாள். உன்னை மாதிரி கத்தவில்லை. சாதாரணமாக, சோறு எடுத்துக்கோ என்பது போலச் சொன்னாள். எனக்குக் கண் மறைத்தது. ஆனாலும் ஓட்டினேன். அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாளே.

இப்போது டிரெய்லர் பசுந்தாங் ஓடை ஓரம், மூடிக் கிடக்கும் ஒரு பட்டறையின் பின்புறம் நிற்கிறது. இங்கேயும் நெடுநாள் விட மாட்டார்கள். கிரீஸ் போடுகிறேன், டயருக்கு வெயில் படாமல் சாக்கு போர்த்துகிறேன், கை வைத்துப் பார்க்கிறேன். அலமாரியை ஆணியால் இறுக்கிவிட்டேன். யாரிடமும் கேட்டுவிட்டுக் கம்பி அடிப்பதில்லை. அடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறேன். இரண்டு இடத்தில் அதற்காகவே சண்டை. ஒரு பல் போயிருக்கிறது.

டின் உடைந்ததால் மத்தியானம் அமேயிடம் போய் வேறொன்று கேட்டேன். அவளிடம் இருந்தது ஒன்றுதான், அது வேலையில் இருந்தது. வெயில் காலத்தில் மண் காய்ந்தால் கம்பியால் பிரயோசனமில்லை என்று எப்போதோ நீ சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. நான் கேட்டதில்லை, அவள் கேட்டிருக்கிறாள். தினமும் புத்தருக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன், பால் டின்னில் மொண்டு கம்பியின் அடியில் ஊற்றுகிறாள். நான் போனபோது இன்னொரு முறை ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து டீக்கடைக்காரர், "இரும்பு எப்ப அமே காய்க்கும்?" என்று கேலி செய்தார். அவள் டின்னில் மிச்சமிருந்ததையும் ஊற்றினாள்.

நான் கதவைத் திறக்கக் கையை நீட்டினேன். "பொறு" என்றாள். மண் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை இருவரும் வெயிலில் நின்றோம்.