மிஜினை மட்டும் கேட்டார்கள்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

மிஷன் தலைமை அலுவலகத்துக்கு ஆண்டுப் படிவம் நிரப்பினேன். வீட்டில் தங்கவைத்து உபசரிக்கும் மூத்த ஊழியர்கள்: மேரி, அதாவது நான், 62, ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர். என் வீட்டுக்காரர் வீரபத்திரன், 66, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இந்த இந்துப் பெயரைப் பார்த்து ஒவ்வொரு வருடமும் யாராவது போன் செய்து கேட்கிறார்கள். ஞானஸ்நானத்தின்போதே பெயரை மாற்றச் சொன்ன பாதிரி ஐயரிடம் இவர், "எங்கப்பன் வெச்ச பேரு. அதோடவே முழுக்குங்க" என்றவர்.

தங்கியிருக்கும் பெண்கள்: கென்யாவிலிருந்து வான்ஜிரு, கொரியாவிலிருந்து மிஜின். ஒரு வருட ஊழியம், மூன்று மாதம் ஆகிறது. மாலையில் எங்கள் ஓரிக்கை காலனிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறார்கள். "வசதிக் குறைவு ஏதேனும்?" என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மிஜினுக்கு மஞ்சள் காமாலை. நான் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தானே தருகிறேன்? டாக்டர் துருவிக் கேட்டதும் சொன்னாள் — பஸ் ஸ்டாண்டில் கரும்பு ஜூஸ், ஐஸ் போட்டு, வாரம் முழுக்க. திட்டவும் முடியவில்லை. உள்ளங்கை வரை மஞ்சளாக இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

எங்கள் மிஷனின் ஊர்ச் செயலாளர் உதயகுமார் வந்தார். டீ கொடுத்தேன். "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்மா." காரிலிருந்து பாட்டில் எடுத்துவந்து குடித்தார். சரி.

மிஜினுக்குக் காலனித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம். பெரிய காஞ்சிபுரத்தில் அவருடைய அக்கா வீட்டுக்கு மாற்ற வேண்டுமாம்.

"அப்ப வான்ஜிரு?"

"அது இங்கியே இருக்கட்டும்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கும்."

"ரெண்டும் ஒரே குடத்துத் தண்ணிதாங்க குடிக்குது. நோவு ஜூஸால வந்துச்சி."

அவர் என்னைப் பார்க்காமல் மிஜினைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "போறேன், அம்மா" என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

"ஒடம்பு முடியாத புள்ளை, அதும்மேல கோவப்படாத" என்றார் இவர். அவள்மேல் கோபமே இல்லை என்றேன். பொய்.

மார்ச் 1, சனி

வான்ஜிரு மிஜினைப் பார்க்கப் போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: அந்த வீட்டில் தன்னைக் கார் ஷெட்டில் உட்காரவைத்திருக்கிறார்கள். மிஜினை மாடியிலிருந்து கீழே கூப்பிட்டு, "இங்கியே பேசிக்கோங்க" என்றிருக்கிறார் அந்த அம்மா. காலனியிலிருந்து வருகிறவர்கள் எல்லாருக்கும் அங்கேதான் நாற்காலியாம்.

"அம்மா, என் தோலுக்காகன்னா அதுக்குப் பேர் எனக்குத் தெரியும். உங்க வீட்டுக்காகன்னா அதுக்கு என்ன பேர்?"

சொன்னேன். எங்கள் சாதி என்ன, சபைக்குள்ளும் அது எப்படி எங்கள் பின்னாலேயே வருகிறது என்று எல்லாம். ஏழு வருடமாக வந்துபோன எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? வெட்கமா? வெட்கப்பட வேண்டியவள் நானா?

மார்ச் 3, திங்கள்

வாசலில் ஆட்டோ. மிஜின், பெட்டியோடு.

"நான் கேட்டேன், அம்மா. ஏன் கார் ஷெட்? அவங்க சொன்னாங்க, அவ காலனி, நீ வேற. நான் வேற இல்ல."

எனக்கு இரக்கம் வரவில்லை. "அன்னிக்கு ஏன் போன?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"அங்க ஏசி இருக்குது. எனக்குக் காய்ச்சல். ஆசையா இருந்துச்சு."

இத்தனை நேராகச் சொல்பவளிடம் எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருப்பது? கஞ்சி வைத்தேன். துவையல் கேட்டாள். கிடையாது, காமாலைக்காரிக்குக் காரம் எதற்கு என்று அதட்டினேன். வான்ஜிரு அவள் பெட்டியை உள்ளே இழுத்துப்போனாள்.

மார்ச் 4, செவ்வாய்

செயலாளர் போன். நாளைக்குள் மிஜினைத் திருப்பி அனுப்பாவிட்டால் எங்கள் வீட்டு அங்கீகாரம் ரத்தாம்.

"பண்ணிக்கோங்க."

"கோவத்துல பேசாதீங்கமா."

"கோவத்துலதான் பேசறேன். ஏன், எங்களுக்குக் கோவம் வரக்கூடாதா?"

எப்போதும் சமாதானம் பேசும் இவர் போனை வாங்கினார். தழைந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். "ஐயா, முப்பது வருசம் வண்டி ஓட்டிக்கினு இருந்தேன். ஒருத்தரை ஏத்திக்கினு ஒருத்தரை ஸ்டாப்புலயே வுட்டுட்டுப் போனதில்ல. வெச்சிடறேன்."

வைத்தே விட்டார்! முப்பத்தெட்டு வருடம் கூட இருக்கிறேன் — இந்த மனுஷனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மார்ச் 5, புதன்

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். கார் ஷெட்டையும் எழுதினேன். எழுதப்போவது தெரிந்து, சபை மானம் போகும் என்று நேற்றே இரண்டு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். போகட்டும். எங்கள் மானத்தைப் பற்றி யாரும் வந்து பேசவில்லையே. நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மார்ச் 15, சனி

பதில் வந்தது. 'சுமுகம் கருதி' எங்கள் அங்கீகாரம் ரத்து. பெண்கள் இருவருக்கும் வேலூருக்கு மாற்றல். கார் ஷெட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் இருவருக்கும் ஒரே வீடு. அதை மட்டும் எங்களால் பிடுங்க முடிந்திருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

பெண்கள் இருவரையும் இவரே பஸ் ஏற்றிவிட்டு வந்தார். ஆறு மணிக்குப் பிள்ளைகள் ஸ்லேட்டும் நோட்டுமாக வந்து நின்றார்கள். வகுப்பு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தப்போ சரியோ, இங்கிலீஷை நானே எடுத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

ஆராதனையில் செயலாளரின் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், முன்வரிசையில். அவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். மொத்த சபையும் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பாட்டை இன்னும் உரக்கப் பாடினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வேலூரிலிருந்து போன். இந்திராணி என்றார், பெண்கள் இப்போது தங்கியிருக்கும் வீட்டு அம்மா. இதுவரை பேசியதில்லை.

"ஏம்மா மேரி, என்னாமா சொல்லிக் குடுத்து அனுப்பின இதுங்களுக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையே. என்னா ஆச்சி?"

நேற்று அங்கே சபையில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணமாம். போட்டோவுக்கு மிஜினை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வான்ஜிருவைக் கீழேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு மண்டபத்தை விட்டே வெளியே போய்விட்டார்களாம்.

"நீங்க?"

"நான் எலைல உக்காந்துட்டேன்மா. பிரியாணி வந்துக்கினு இருக்குது. என்னா பண்றது? எழுந்து நானும் போயிட்டேன். இப்ப சபைக்காரங்க மூணு பேர் மேலயும் ஆபீசுக்குப் புகார் எழுதிக்கிறாங்க."

"பயமா இருக்குதா?" என்று கேட்டேன்.

"நேத்து பசிதான் இருந்துச்சி" என்றார்.