வசதியான வீடு

ஆவணி 9, செவ்வாய்.

உதவிப்பணப் பட்டியல் இன்று வந்தது. கனகராயன்குளத்து ராசாத்தி அக்காவின் பெயர் அதில் இல்லை. சென்ற மாதம் அவர் வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போனவள் நான்தான். கல்வீடு, பிரிட்ஜ், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்று நிரப்பினேன். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி அவருடைய கணவர் உள்ளே படுத்திருந்தார். அதை எழுதப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

மத்தியானம் அக்கா நான் வேலை செய்யும் கந்தோருக்கு வந்தார். கோபப்படவில்லை.

"நாங்க வசதியான ஆளுங்களாமே, தங்கச்சி?"

"ஸ்கூட்டர் இருந்தா அப்பிடித்தான் வரும், அக்கா."

"ரத்தம் மாத்த கிழமைக்கு ரெண்டு தரம் அதுல வச்சுத்தானே அவர வவுனியாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். அது இல்லேன்னா பேரு வருமா?"

அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. "ஓம், வரக்கூடும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

பொழுதுபட அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"ஸ்கூட்டர வித்துட்டேன், தங்கச்சி. இனி பேரு வந்துடுந்தானே?"

அடுத்த கணக்கெடுப்பு எப்போது என்று எனக்கே தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. வியாழக்கிழமை ரத்தம் மாற்றக் கணவரை எதில் கொண்டுபோவீர்கள் என்றும் கேட்கவில்லை.

"பாப்பம், அக்கா" என்றேன். எனக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.