முதுகுக்கா பொட்டு வைப்பது?

ஆவணி கடைசி வெள்ளி, 1975. இரவு.

ஜெயித்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

தி.நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சியின் அம்பாசடரில் நான் கேசட் பிளேயர் மாட்டி, டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வைத்து மூன்று நாளாயிற்று. நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டால் நாதஸ்வரம் கேட்டது, தவிலின் முழக்கம் இல்லை. "இன்னா நைனா, தகர டப்பா தட்ற மாரி கீது" என்று டிரைவர் தினமும் சிரித்தான். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "இன்னைக்குச் சரியாகலன்னா பெட்டியக் கழட்டிரும். வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை வண்டிக்குச் சூடம் காட்டுவது அவர் வழக்கம். இன்று டிக்கியையும் திறந்தார். ஸ்பீக்கரை நான் பின்சீட்டைப் பார்த்து வைத்திருந்ததால் பெட்டியின் முதுகுதான் தெரிந்தது. "முதுகுக்கா பொட்டு வைக்க?" என்று அவரே பெட்டியைத் திருப்பி, முகத்தில் குங்குமம் வைத்து, டிக்கியை மூடினார்.

கேசட்டைப் போட்டேன். தவில் நெஞ்சில் வந்து இடித்தது. சீட்டே அதிர்ந்தது. டிரைவரே கை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினான்.

"பொட்டு வச்சதும் பாத்தீரா!" என்றார் அண்ணாச்சி.

அவர் கடைக்குள் போனதும் பெட்டியைப் பழையபடி திருப்பிப் பார்த்தேன். பொட்டு அப்படியே இருந்தது, தவில் போய்விட்டது. மறுபடி டிக்கிக் கதவைப் பார்க்க வைத்தேன். தவில் வந்துவிட்டது!

அவர் தம்பி வண்டிக்கும் நாளைக்கே வேண்டுமாம். பெட்டியை எந்தப் பக்கம் வைப்பதென்று எனக்குத் தெரியும். பொட்டை அவரே வைக்கட்டும்.