நிறுத்திய கம்ப்ரஸர்

12 ஆகஸ்ட் 2005, வெள்ளி

காலையில் ஆலையில் கரண்ட் போனதும் ஜெனரேட்டர் போட்டார்கள். அதன் புகை நேராகக் கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் வாய்க்குப் போனது. யாரையும் கேட்காமல் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டேன். அந்தக் காற்றில் ஓடும் அசெம்பிளி லைன் மொத்தமும் நின்றது.

சூப்பர்வைசர் ஏழுமலை ஓடி வந்தார். “இன்னாபா பண்ணிக்கினு கீற?”

“புகை உள்ள போகுது சார்.”

“நட்டு முடுக்கிற காத்துபா அது. எவன் அத்த மூக்குல இழுக்கப் போறான்?”

மாலத்தீவில், சுறா பார்க்க வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கும் படகில், அவர்கள் கடலுக்கடியில் சுவாசிக்கும் சிலிண்டருக்கு இரண்டு வருடம் காற்று நிரப்பியவன் நான். அங்கே புகை வாடை வந்தால் முதலில் நிறுத்த வேண்டும், பிறகுதான் பேச்சு. கெட்ட காற்றோடு கீழே போகிறவன் மேலே வரமாட்டான்.

ஒரே ஒரு தடவை என்னையும் இறக்கினார்கள். பாறை விளிம்பில் பதினாலு சுறா, அவசரமே இல்லாமல் சுற்றின. நான் நிரப்பிய காற்றையே இழுத்துக்கொண்டு பார்த்தேன். இன்னும் கொஞ்சம் நிரப்பியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

என் வேலை நிரந்தரமா இல்லையா என்று அடுத்த வாரம் தெரியும். “கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துடு, மீதிய நான் பாத்துக்கறேன்” என்றார் ஏழுமலை. எழுதிக் கொடுத்தேன். வேலை தப்பிக்கும். ஆனால் இந்த ஆலையில் இதுவரை நான் கவனமாகச் செய்த ஒரே காரியம் அந்தக் கம்ப்ரஸரை நிறுத்தியதுதான்.